சேவலா பெட்டையா? ஒரு பழைய கேள்வியோட வரலாறு



கோழி வளர்க்கிற வீட்டுல அடிக்கடி காதுல விழுற கேள்வி ஒண்ணு உண்டு. "இதுல எத்தன சாவல், எத்தன பொட்ட?" குஞ்சு ஓட்ட உடைச்சி வெளிய வந்து ஈரம் காயறதுக்குள்ளயே இந்தக் கேள்வி வந்துடும். காரணம் இருக்கு. பெட்டைன்னா முட்டை, முட்டைன்னா மறுபடி அடை, மறுபடி குஞ்சு. வீட்டுப் பொம்பளைங்க கையில நாலு காசு புழங்குற வழி அது. சேவல்னா அது ஒரே தடவை காசு. சந்தைக்குப் போகும், இல்ல கோயிலுக்குப் போகும், இல்ல மருமகன் வந்த அன்னிக்கிக் கொழம்புக்குப் போகும்.

கேக்குறதுக்கு சின்னக் கேள்வி. ஆனா இதுக்குப் பதில் கண்டுபிடிக்க மனுசன் ரெண்டாயிரத்து முன்னூறு வருஷமா மெனக்கெட்டிருக்கான். பதில் எவ்வளவு சீக்கிரம் கிடைச்சுதோ அதப் பொறுத்துதான் சேவல் குஞ்சோட ஆயுசு இருந்திருக்கு. இத நான் புத்தகத்துலயும் செல்போன்லயும் தேடித் தேடிப் படிச்சதுல புரிஞ்சிகிட்டேன். அத இங்க வரிசையா எழுதுறேன். நடுவுல நாட்டுக்கோழிக் குஞ்ச எப்படிப் பிரிச்சுப் பாக்குறதுங்கிற விவரமும் வரும். அதுக்காக மட்டும் வந்தவங்களும் முழுசா படிங்க.

குஞ்சுன்னு சொல்லும்போது

மொதல்ல நம்ம மொழியிலிருந்து ஆரம்பிப்போம். தொல்காப்பியத்துல மரபியல்னு ஒரு பகுதி இருக்கு. எந்த உயிருக்கு ஆண் பேரு என்ன, பெண் பேரு என்ன, இளசுக்குப் பேரு என்னன்னு அதுல வரிசையா சொல்லியிருக்கும். றெக்கை உள்ளதுல ஆணுக்கு சேவல்னு பேரு. பெட்டை, பேடைங்கிறது பொண்ணுக்கு. கோழிக்கும் கூகைக்கும் மட்டும் பொண்ணுக்கு அளகுன்னு தனியா ஒரு பேரும் உண்டு. ஆனா பறக்கிறதோட இளசுக்கு பார்ப்பு, பிள்ளை அப்படின்னு ரெண்டே பேரு. அதுல ஆணும் கிடையாது, பொண்ணும் கிடையாது.

இப்ப நாம பேசுறதும் அதே மாதிரிதான். குஞ்சுன்னா குஞ்சு, அவ்வளவுதான். கொஞ்சம் வளர்ந்து முட்டைக்கு வர்ற பருவத்துல வெடக்கோழின்னு சொல்லுவோம். கொண்டை சிவந்து தொண்டை கட்டுன மாதிரி கூவ ஆரம்பிச்சா சாவல்னு சொல்லுவோம். அதுவா காட்டுற வரைக்கும் மொழியும் பொறுத்திருக்கு, ஆளுங்களும் பொறுத்திருந்தாங்க.

சேவலுக்கு நம்ம பக்கம் மரியாதைக்கும் குறைவில்ல. முருகன் கொடியில இருக்கு. சோழரோட பழைய தலைநகரம் உறையூருக்கே கோழின்னு ஒரு பேரு. குப்பையில கோழி தானா சண்டை போடுறத உவமையா வெச்சுப் பாடுன சங்கப் புலவருக்குக் குப்பைக்கோழியார்னே பேரு நின்னுபோச்சு. அவரோட சொந்தப் பேரு நமக்குக் கிடைக்கல. எங்க பழைய தென்னாற்காடு ஜில்லாவுல, இப்ப விழுப்புரம் மாவட்டம், அரசலாபுரம்னு ஒரு ஊரு. அங்க ஒரு நடுகல் இருக்கு. சண்டையில செத்துப் போன ஒரு சேவலுக்கு நட்ட கல்லு. கல்லுல சேவல் உருவமும் பழைய எழுத்தும் வெட்டியிருக்கு. ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தினதுன்னு அறிஞர்கள் சொல்றாங்க. மனுச வீரனுக்கு வெக்கிற மாதிரி ஒரு சேவலுக்குக் கல்லு வெச்சிருக்காங்க. அந்தச் சேவலும் ஒரு நாள் "இது சாவலா பொட்டயா"ன்னு யாரோ தூக்கிப் பாத்த குஞ்சுதான்.

முட்டையப் பாத்துச் சொல்றது

குஞ்சுல தெரியலன்னா முட்டையிலயே தெரிஞ்சிக்கலாமான்னு மனுசன் யோசிச்சான். கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில், கிறிஸ்து பொறக்கறதுக்கு முன்னூறு வருஷத்துக்கும் முன்னால, நீளமா கூரா இருக்கிற முட்டையில பெட்டையும், உருண்டையா இருக்கிறதுல சேவலும் வரும்னு எழுதி வெச்சாரு. அதுக்கு அப்புறம் வந்த ரோம நாட்டு ஆளுங்க, விவசாயம் பத்தி எழுதுன கொலுமெல்லாவும் சரி, பிளினியும் சரி, அப்படியே தலைகீழா சொன்னாங்க. கூரா இருந்தா சேவலாம், உருண்டையா இருந்தா பெட்டையாம். ரெண்டு பக்கமும் பெரிய தலைங்க. ரெண்டுமே தப்பு.

எங்க பக்கம் ரோமாக்காரங்க சொன்னதுதான் வழக்கம். கூர் முட்டை சாவல், உருண்ட முட்டை பொட்ட. அடை வெக்கும்போது கையில உருட்டிப் பாத்து எடுத்து வெக்கிற கிழவிங்க இருந்தாங்க. ஊசியில நூல் கோத்து முட்டைக்கு மேல தொங்கவிட்டு, வட்டமா சுத்துனா பெட்டை, நேரா ஆடுனா சேவல்னு சொல்றவங்களும் உண்டு. கூடையில வைக்கோல் போட்டு, இடிக்கு ஆகாதுன்னு ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும் சொருகி, ஒத்தைப்படையா 11 இல்ல 13 முட்டை வெப்பாங்க. இதுல வைக்கோல் மட்டும் உண்மையா வேலை செய்யும். மத்ததெல்லாம் மனசுக்கு ஒரு தெம்பு.

முட்டை உருவம் அந்தக் கோழியோட முட்டைப்பை எப்படி இருக்கோ அதப் பொறுத்தது. கூர் முட்டை போடுற கோழி பெரும்பாலும் கூர் முட்டையாத்தான் போடும். அதுல சேவலும் வரும், பெட்டையும் வரும்.

அப்ப சேவலா பெட்டையாங்கிறது எங்க முடிவாகுது? தாய்க்கோழி கிட்ட முடிவாகுது. மனுசங்கள்ல அப்பன்கிட்டேயிருந்து வர்ற விந்துதான் ஆணா பொண்ணான்னு தீர்மானிக்கும். கோழியில அது மாறி இருக்கு. சேவல்கிட்ட ஒரே மாதிரி ரெண்டு குரோமோசோம், இசட் இசட். பெட்டைகிட்ட இசட் ஒண்ணு, டபிள்யூ ஒண்ணு. பெட்டை எதக் குடுக்குதோ அதுதான் குஞ்சு. மஞ்சக்கரு உருண்டு மேல ஓடு கட்டுறதுக்கு முன்னாடியே அந்தக் கணக்கு முடிஞ்சு போகுது. அதனால ஓட்டப் பாத்து என்ன பண்றது?

சூடு கூட்டிக் குறைச்சி அடை வெச்சா பெட்டை அதிகம் வரும்னு ஒரு பேச்சும் உலாவுது. அது ஆமைக்குப் பொருந்தும். எங்க கடலூர் கரையில வந்து முட்டையிடுற பங்குனி ஆமைக்கு மணல் சூடு அதிகமானா பொண்ணு அதிகம், சூடு குறைஞ்சா ஆண் அதிகம். கோழிக்கு அந்த விதி இல்ல. சூட்டக் கூட்டிக் குறைச்சா குஞ்சுதான் கருவுல சாகும்.

இன்னொண்ணு சொல்லணும். பொண்ணு பொறந்தா பெத்தவளத் திட்டுற வீடுங்க நம்ம நாட்டுல எத்தன! குஞ்சு சேவலா போச்சுன்னு பெட்டைக்கோழியத் திட்டுனா கூட அறிவியல்படி அதுல ஒரு நியாயம் இருக்கு. மனுசங்கள்ல அது கூடக் கிடையாது.

வளர வளரத் தெரியுற அடையாளம்

சரி, நாட்டுக்கோழியில எப்பத்தான் தெரியும்? நாங்க பாக்குற விதத்த எழுதுறேன்.

மொத ரெண்டு வாரம் ஒண்ணும் சொல்ல முடியாது. சொல்றவங்க குத்துமதிப்பா சொல்றாங்க. பாதிக்குப் பாதி சரியா வரும், காசு சுண்டிப் போட்டாலும் அதே அளவுதான் வரும். கால் ரெண்டையும் பிடிச்சுத் தலைகீழாத் தொங்கவிட்டா சேவல் தலையத் தூக்கும், பெட்டை தொங்கப் போடும்னு சொல்றதும் இதே கணக்கு. குஞ்சுக்கு நோவுதான் மிச்சம்.

மூணு நாலு வாரத்துல வாலப் பாருங்க. பல சமயம் பெட்டைக்கு வாலும் முதுகும் சீக்கிரம் றெக்கை கட்டும். சேவல் குஞ்சு கொஞ்ச நாள் மொட்டையா, முதுகுல திட்டுத் திட்டா இருக்கும். இது ஒரு சாடைதான், முடிவு இல்ல.

ஆறு வாரத்துலேயிருந்து எட்டு வாரத்துக்குள்ள கொண்டை பேசும். சேவலுக்குக் கொண்டை அகலமாகி இளஞ்சிவப்பு ஏறும், தாடி எட்டிப் பாக்கும். பெட்டைக்கு வெளிறி மஞ்சளா சின்னதா நிக்கும். காலும் பாருங்க, சேவலுக்குத் தடியா இருக்கும். ஆனா சண்டைக்கோழி ரத்தம் கலந்ததுல கொண்டை பட்டாணி மாதிரி அமுங்கி இருக்கும். அதுல கொண்டைய நம்பக் கூடாது, இன்னும் ஒரு மாசம் பொறுக்கணும்.

பத்து பன்னெண்டு வாரத்துல கழுத்து றெக்கையையும், வாலுக்கு முன்னாடி இடுப்புல விழுற றெக்கையையும் விரல்ல ஒதுக்கிப் பாருங்க. சேவலுக்கு நுனி கூராகிப் பளபளன்னு இருக்கும். பெட்டைக்கு நுனி உருண்டை. எனக்குத் தெரிஞ்சு நாட்டுக்கோழியில கண்ணால பாக்கிறதுல நம்பிக்கையான அடையாளம் இதுதான். இதுக்கப்புறம் கூவுறது தானா வரும். கால் முள்ள மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, வயசான பெட்டைக்கும் சில சமயம் முள்ளு வரும்.

ஆக, ரெண்டரை மூணு மாசம். அதுவரைக்கும் எல்லாக் குஞ்சுக்கும் ஒரே நொய்யி, ஒரே கம்பு, ஒரே கரையான். பருந்து வந்தா தாய் எல்லாத்தையும் ஒரே றெக்கைக்குள்ளதான் இழுத்துக்கும். தெரியறப்ப அந்தச் சேவல் கிலோ கணக்குல நிக்கும், கேக்குறதுக்கு ஆள் இருக்கும். அதனால நாட்டுக்கோழி வீட்டுல சேவல் பொறந்துட்டானேன்னு யாரும் குஞ்சக் கொன்னது கிடையாது. கொல்லறதுக்கு அவசியமும் இல்ல, தெரிஞ்சிக்க வழியும் இல்ல.

கூவுன பெட்டை

வளர்ந்த பிறகும் குழப்பம் வரும். "பொட்டக்கோழி கூவிப் பொழுது விடியுமா"ன்னு ஒரு பழமொழிய வெச்சுப் பொம்பளைங்க வாய அடைக்கிற ஆளுங்க உண்டு. பெட்டை நிஜமாவே கூவும். பெட்டைக்கோழிக்கு இடப்பக்கத்துச் சினைப்பை மட்டும்தான் வேலை செய்யும். அது நோவுல கெட்டுப் போனா உடம்புல பெண் சுரப்பு குறைஞ்சு, கொண்டை பெருத்து, சேவல் மாதிரி றெக்கை வந்து, கூவ ஆரம்பிக்கும். ஊர்ல அத அபசகுனம்னு சொல்லி அன்னிக்கே அறுத்துடுவாங்க.

நம்ம ஊர் மட்டும் இல்ல. 1474-ல இப்ப ஸ்விட்சர்லாந்துல இருக்கிற பாசெல் நகரத்துல, ஒரு சேவல் முட்டை போட்டுடுச்சுன்னு வழக்கு நடத்தி, தண்டனை குடுத்து, அதக் கட்டையில வெச்சு எரிச்சாங்க. முட்டை போட்டது பெரும்பாலும் இந்த மாதிரி உருமாறுன பெட்டையா இருந்திருக்கும்னு இப்ப உள்ளவங்க சொல்றாங்க. பேரு ஒண்ணு, நடத்தை ஒண்ணா இருந்ததுக்காக ஒரு உசுரு போச்சு.

ஜப்பான்காரன் கண்டுபிடிச்சது

இப்ப கதை திரும்புற இடத்துக்கு வர்றோம். நூறு வருஷத்துக்கு முன்னாடி, ஜப்பான்ல கியோஷி மசுயின்னு ஒரு கால்நடை ஆராய்ச்சியாளர் இருந்தாரு. கூட ஹாஷிமோட்டோன்னு ஒருத்தர். பொரிச்ச அன்னிக்கே குஞ்சோட பின்துவாரத்த லேசா பிதுக்கிப் பாத்தா, உள்ள கடுகு மாதிரி ஒரு சின்ன மொட்டு இருக்கும், சேவல் குஞ்சுக்கு ஒரு விதமாவும் பெட்டைக்கு வேற விதமாவும் இருக்கும்னு அவங்க கண்டுபிடிச்சாங்க. 1925 வாக்குல அதக் கட்டுரையா எழுதினாங்க. 1927-ல கனடாவுல ஒட்டாவா நகரத்துல நடந்த உலகக் கோழி மாநாட்டுல அத எடுத்துச் சொன்னாங்க.

கேக்கறதுக்கு எளிசு. செய்யறது கஷ்டம். சில குஞ்சுல மொட்டு தெளிவா இருக்கும், பலதுல ரெண்டுங்கெட்டானா இருக்கும். அழுத்துனா குஞ்சு செத்துப் போகும். பொரிச்சு ஒரு நாள் தாண்டிட்டா பாக்குறது இன்னும் சிரமம். அதனால ஜப்பான்ல இதுக்குன்னே பள்ளிக்கூடம் வெச்சு ஆளுங்களப் பழக்கினாங்க. தேர்ந்தவங்க மணிக்கு ஆயிரம் குஞ்சு பிரிப்பாங்க. நூத்துக்கு ரெண்டு தப்பாச்சுன்னா அதிகம். 1930-கள்ல அவங்க கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனாங்க. 1937-ல அமெரிக்காவுல ஜான் நிட்டாங்கிற ஜப்பானிய வம்சாவளிக்காரர் இதுக்குன்னு ஒரு சங்கமும் பயிற்சிக்கூடமும் ஆரம்பிச்சாரு. பெரிய படிப்பு இல்லாம, கையும் கண்ணும் மட்டும் முதலீடா வெச்சுப் பொழைக்கப் போன குடும்பங்களுக்கு அது சோறு போட்டுச்சு.

இதுல மந்திரம் ஒண்ணும் இல்லங்கிறதும் தெரிஞ்சுது. 1987-ல பீடர்மேன், ஷிஃப்ரார்னு ரெண்டு பேரு ஒரு சோதனை செஞ்சாங்க. பல வருஷம் குஞ்சு பிரிச்ச ஒருத்தர்கிட்ட எந்த இடத்தப் பாக்கணும்னு கேட்டு, அத ஒரு பக்கத்துல எழுதி, ஒண்ணும் தெரியாதவங்க கையில குடுத்தாங்க. குஞ்சோட படங்களக் காட்டினா, முன்னாடி நூத்துக்கு அறுபது சரியா சொன்னவங்க அதப் படிச்ச பிறகு எண்பத்து நாலு சரியா சொன்னாங்க. எங்க பாக்கணும்னு தெரிஞ்சவன் சொல்லிக் குடுத்தா பாதி வேலை முடிஞ்சுது.

நிறமும் றெக்கையும்

இதே காலத்துல இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல புன்னெட்னு ஒரு மரபியல் பேராசிரியர் வேற வழியப் பிடிச்சாரு. மொதல் உலகப்போர்ல தீவனத் தட்டுப்பாடு. முட்டை போடாத சேவல் குஞ்சுக்குத் தீவனம் ஏன் போடணும்? பொரிச்ச அன்னிக்கே நிறத்த வெச்சுப் பிரிக்கிற மாதிரி கோழி இனத்தக் கலந்துட்டா போதுமேன்னு யோசிச்சாரு. சிவப்பு சேவலையும் வரிவரியா இருக்கிற பெட்டையையும் சேத்தா, சேவல் குஞ்சுக்குத் தலையில வெள்ளைப் பொட்டு இருக்கும், பெட்டைக் குஞ்சுக்கு இருக்காது. 1929-ல கலப்பே செய்யாம, தலைமுறை தலைமுறையா நிறத்துலேயே பிரியுற ஒரு இனத்தையும் அவரு உருவாக்கினாரு.

அப்புறம் வந்தது றெக்கை. சீக்கிரம் றெக்கை கட்டுற இனத்துச் சேவலையும், மெதுவா கட்டுற இனத்துப் பெட்டையையும் சேத்தா, பொரிக்கிற பெட்டைக் குஞ்சுக்கு றெக்கையில ஒரு வரிசை நீளம், ஒரு வரிசை குட்டையா இருக்கும். சேவல் குஞ்சுக்கு ரெண்டு வரிசையும் சமமா இருக்கும். இப்ப உலகத்துல பெரிய பொரிப்பகங்கள்ல ரொம்ப நடப்புல இருக்கிறது இது. பிதுக்க வேண்டாம், விரிச்சுப் பாத்தா போதும்.

இங்கதான் நம்ம ஆளுங்க ஒண்ணக் கவனிக்கணும். யூடியூப்ல றெக்கைய விரிச்சுக் காட்டி "நீளம் குட்டையா இருந்தா பொட்ட"ன்னு நாட்டுக்கோழிக் குஞ்ச வெச்சுச் சொல்றாங்க. அது ஆகாது. அப்பன் ஆத்தா ரெண்டும் அதுக்குன்னு பொறுக்கிச் சேத்த இனமா இருந்தாத்தான் அந்தக் கணக்கு பலிக்கும். நம்ம வாசல்ல திரியுற கோழிக்கு எவன் அப்பன்னு அதுக்கே தெரியாது. பெட்டைன்னு உத்தரவாதம் சொல்லி ஒரு நாள் நாட்டுக்குஞ்சுக்குக் கூடக் காசு கேட்டா குடுக்காதீங்க.

சேவல் குஞ்சு எங்க போச்சு

இந்த வித்தையெல்லாம் வந்ததும் ஒரு பெரிய மாத்தம் வந்துச்சு. முன்னாடி ஒரே இனம்தான் முட்டைக்கும் கறிக்கும். சேவலக் கொஞ்ச நாள் வளர்த்துக் கறிக்கு வித்தாங்க. அப்புறம் முட்டைக்குன்னு ஒரு இனம், கறிக்குன்னு ஒரு இனம்னு பிரிச்சாங்க. முட்டை இனத்துச் சேவலுக்கு ஒடம்பே ஏறாது. வருஷத்துக்கு முந்நூறு முட்டை போடுற பெட்டைக்கு அண்ணன் தம்பியா பொறந்தவன், முட்டையும் போட மாட்டான், கறியும் வெக்க மாட்டான். பொரிச்ச அன்னிக்கே தெரிஞ்சும் போச்சு. அப்ப என்ன செய்வாங்க? அன்னிக்கே கொன்னுடறாங்க. உலகம் முழுக்க வருஷத்துக்கு அறுநூறு, எழுநூறு கோடி சேவல் குஞ்சு இப்படிப் போகுதுன்னு மதிப்பிடுறாங்க.

மினாரின்னு 2020-ல ஒரு படம் வந்துச்சு. அமெரிக்காவுல ஆர்கன்சாஸ் பக்கம் பொழைக்கப் போன கொரியாக் குடும்பத்தோட கதை. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பொரிப்பகத்துல குஞ்சு பிரிக்கிற வேலை. வெளிய புகைபோக்கியில புகை வருது. அது என்னன்னு சின்னப் பையன் கேக்கறான். சேவல் குஞ்சுங்கன்னு அப்பன் சொல்றான். பிரயோசனமா இருக்கணும்னு மகனுக்குச் சொல்றான். நான் அந்த இடத்துல படத்த நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

நம்ம ஊருக்கும் அந்தக் குஞ்சு வருது. சைக்கிள்ல, டிவிஎஸ் வண்டியில, அட்டைப் பொட்டியிலயும் கூடையிலயும் பச்சை, ரோஸ், மஞ்சள்னு சாயம் அடிச்ச குஞ்சு வித்துட்டு வர்றதப் பாத்திருப்பீங்க. கலர் கோழிக்குஞ்சு. புள்ளைங்க அழுது வாங்கும். ரெண்டு நாள், மூணு நாள், அதிகம் போனா ஒரு வாரம். பூனை தூக்கும், குளிர்ல வெறைக்கும். தப்பிப் பொழைச்சு வளர்ந்ததப் பாருங்க, கிட்டத்தட்ட எல்லாமே வெள்ளைச் சேவலா இருக்கும். முட்டை போடவே போடாது. "கலர்க்குஞ்சு மட்டும் ஏன் சாவலாவே வருது"ன்னு கேக்குறவங்களுக்குப் பதில் இதுதான். பெரும்பாலும் அது முட்டைக்கோழிப் பொரிப்பகத்துல பிரிச்சு ஒதுக்குன சேவல் குஞ்சு. ஜப்பான்ல ஆரம்பிச்ச கதை நம்ம தெருவுல இப்படி வந்து முடியுது.

நான் முட்டையக் குத்தம் சொல்லல. நம்ம தமிழ்நாட்டுல 1989-லேயிருந்து சத்துணவுல முட்டை போடுறாங்க. மொதல்ல ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, இப்ப வாரம் அஞ்சு. எத்தனையோ ஏழைப் புள்ளைங்களுக்கு ஒடம்பு தேறுச்சு. நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைங்க இல்லாம அது நடக்காது. ஆனா அந்த முட்டைக்குப் பின்னாடி பொறந்த அன்னிக்கே போன சேவல் குஞ்சும் இருக்குன்னு தெரிஞ்சு சாப்புடணும்னு சொல்றேன்.

தெரிஞ்சிக்கிறதும் கொல்றதும்

எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சு எழுதுறேன். மனுசப் புள்ளையையும் கோழிக்குஞ்சையும் நான் ஒண்ணா நிறுத்தல. ஆனா ரெண்டுலயும் நடந்த விதம் ஒண்ணா இருக்கு. நம்ம தமிழ்நாட்டுல பொண்ணு பொறந்தா கொன்னுடற கொடுமைய நிறுத்தத்தான் 1992-ல சேலத்துல தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிச்சாங்க. ஸ்கேன் வந்த பிறகு பொறக்கிற வரைக்கும் கூடப் பொறுக்கல. வயித்துலயே பாத்து அழிக்க ஆரம்பிச்சாங்க. 1994-ல அதுக்குத் தடைச் சட்டம் வந்துச்சு. 2011 ஜனத்தொகைக் கணக்குல பொண் குழந்தை எண்ணிக்கை குறைஞ்சு போனதப் பாத்துட்டு, எங்க கடலூர் மாவட்டத்துக்கும் தொட்டில் குழந்தைத் திட்டத்தக் கொண்டு வந்தாங்க. நம்ம மாவட்டத்துக்கு அது பெருமை இல்ல.

கோழியில ஆண் போச்சு, மனுசங்கள்ல பொண்ணு போச்சு. ரெண்டுலயும் "இதால என்ன வருமானம், என்ன செலவு"ங்கிற கணக்கு முன்னாடியே இருந்துச்சு. சீக்கிரமா தெரிஞ்சிக்க ஒரு வழி கிடைச்சதும் கணக்கு கத்தியா மாறுச்சு. தப்பு தெரிஞ்சிக்கிறதுல இல்ல, அந்தக் கணக்குலதான் இருக்கு.

கோழிக்கும் இப்ப சட்டம் வர ஆரம்பிச்சிருக்கு. ஜெர்மனியில 2022 ஜனவரி 1-லேயிருந்து சேவல் குஞ்சப் பொரிச்சவுடனே கொல்லக் கூடாதுன்னு சட்டம். பிரான்சும் தடை பண்ணிடுச்சு. அதுக்கு மாத்தா முட்டைக்குள்ளயே கண்டுபிடிக்கிறாங்க. ஒம்பதாம் நாள் வாக்குல லேசர் வெச்சு மயிரிழை ஓட்டை போட்டு ஒரு சொட்டு நீர் எடுத்துப் பாக்குறது ஒரு முறை. பழுப்பு முட்டைக் கோழியில பதிமூணாம் நாள் வாக்குல ஓட்டுக்கு வெளிய இருந்து வெளிச்சம் பாய்ச்சி, உள்ள வளர்ற றெக்கை நிறத்தப் பாக்குறது இன்னொண்ணு. புன்னெட் கண்டுபிடிச்ச அதே நிறக் கணக்கு, இப்ப ஓட்டுக்கு உள்ள. சேவல் முட்டைய அப்பவே ஒதுக்கித் தீவனமாக்கிடறாங்க. குஞ்சு கத்தறது கேக்காதுங்கறது ஒரு முன்னேற்றம்தான். ஆனா கேள்வி இன்னும் பின்னாடி போயிருக்கு, அவ்வளவுதான்.

நாம செய்யக் கூடியது

வடலூர்ல உக்காந்துகிட்டு இவன் கோழி வளர்த்து விக்கிறதப் பத்தி எழுதுறானேன்னு சில பேரு நினைக்கலாம். வள்ளலார் 1867-ல தருமசாலை தொடங்கின ஊரு இது. அன்னிக்கு மூட்டுன அடுப்பு இன்னும் அணையல. உயிர்க்கொலை வேண்டாம்னு அவரு சொன்னது எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும். தைப்பூசத்தன்னிக்கு இங்க ஒரு கறிக்கடையும் திறக்காது. மத்த நாள்ல திறக்கும், என் வீட்டுச் சேவலும் அங்க போகும். அத மறைச்சு எழுத எனக்கு இஷ்டமில்ல. அவரு சொன்ன அளவுக்குப் போக முடியாதவன் கூட, பொறந்ததுக்கு நாலு மாசமாவது வெயிலும் மண்ணும் குடுக்க முடியும்ல. குப்பையக் கிளறி, மண்ணுல பொரண்டு, ஒரு தடவையாவது கூவிட்டுப் போகட்டும்.

அதனால வாசல்ல கோழி வளர்க்க நினைக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். பத்துக் குஞ்சு வாங்குனா அஞ்சு சேவல்னு மொதல்லயே கணக்குப் போட்டு வாங்குங்க. சேவலுக்கும் சேத்து இடமும் தீவனமும் இருக்கான்னு பாருங்க. முட்டைக்கு மட்டும்தான் கோழி வேணும்னா ஒரு நாள் குஞ்சு வாங்காதீங்க, மூணு மாசத்து வெடக்கோழியா பாத்து வாங்குங்க. காசு கூட ஆகும், ஆனா யாரோ ஒருத்தர் அதோட அண்ணன் தம்பியையும் வளர்த்திருப்பாங்க. முட்டைக்கும் கறிக்கும் ஆகுற நாட்டு இனமா வெச்சுக்கிட்டா எந்தக் குஞ்சும் வீண் இல்ல. வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசிய மட்டும் விட்டுடாதீங்க. சேவலா பெட்டையான்னு பாக்காம அள்ளிட்டுப் போற நோவு அது.

அரசாங்கத்துல புறக்கடைக் கோழித் திட்டத்துல பொம்பளைங்களுக்குக் குஞ்சு குடுக்குறாங்க. அதுலயும் ரெண்டுக்கும் ஆகுற இனமாவே தொடர்ந்து குடுத்தா நல்லது. கலர்க்குஞ்சு விக்கிறவர் தெருவுக்கு வந்தா, அவருகிட்ட சண்டைக்குப் போகாதீங்க, அதுவும் ஒரு வயித்துப் பொழப்பு. ஆனா அழுற புள்ளைய உக்கார வெச்சு, அந்தக் குஞ்சு எங்கேருந்து வருதுன்னு சொல்லிக் குடுங்க. புள்ளைங்களுக்குப் புரியும்.

எங்க வீட்டுல இப்ப ஒரு அடை பொரிச்சு அஞ்சு வாரம் ஆகுது. 13 வெச்சதுல 11 வந்துச்சு, கீரிப்பிள்ளை ஒண்ணத் தூக்கிட்டுப் போச்சு, மீதி 10. வீட்டுல தினம் கேக்குறாங்க, எத்தன பொட்டைன்னு. தை பொறந்ததும் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.